சோலுக்குள் ஷூ ஹார்ன்: ஹார்னுக்கு அறை வைத்த ஷூவைச் செய்வது எப்படி

மேல்தோல் நன்றாக இருக்கும், தையல் விட்டிருக்காது, சோலும் தேய்ந்திருக்காது. பின்பக்கம் மட்டும் மடிந்து, உள்ளே ஏதோ நொறுங்கி, குதிகாலில் குத்திக்கொண்டிருக்கும். ஷூ பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் இப்படி நாலைந்து ஜோடி கிடக்கும். காரணம் ஒன்றுதான்: லேஸை அவிழ்க்காமல் காலை உள்ளே திணித்திருப்பார்கள். வீட்டு வாசல், கோயில், பள்ளிவாசல், சில மருத்துவமனைகள் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஷூவைக் கழற்றி மாட்டுகிற ஊரில் இது நடக்காமல் இருக்காது.

நொறுங்குவது கவுண்டர். மேல்தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே, குதிகாலைச் சுற்றி வைக்கும் விறைப்பான துண்டு அது. ஒருமுறை உடைந்துவிட்டால் ஷூவைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. இதைத் தடுக்கத்தான் ஷூ ஹார்ன், குதிகாலை ஷூவுக்குள் வழுக்கி இறக்கும் வளைந்த தகடு. ஆனால் ஹார்ன் வீட்டு அலமாரியில் இருக்கும், ஷூ கோயில் வாசலில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை: சோலின் பின்பக்கத்தில் ஒரு அறை, அதற்குள் 110 மி.மீ. நீளத்தில் ஒரு ஹார்ன். 4 இஞ்ச் பி.வி.சி. பைப் துண்டு, ஈ.வி.ஏ. (சோலுக்குப் போடும் ஃபோம்) ஷீட், ரப்பர் ஷீட் இருந்தால் வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம்.

அறையை எங்கே வைப்பது

புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் சற்று நின்று பார்ப்போம். ஷூவைப் பார்த்ததும் முதலில் தோன்றும் யோசனை, இன்சோலுக்கு அடியில் ஹார்னைப் படுக்கவைப்பது. காகிதத்தில் அழகாக இருக்கும். எடுத்தீர்கள், காலை நுழைத்தீர்கள், சரி. இப்போது கையில் இருக்கும் ஹார்னை எங்கே வைப்பீர்கள்? அறையின் மேல்தான் உங்கள் கால் நிற்கிறது. ஆகவே முதல் விதி: கால் உள்ளே இருக்கும்போதே ஹார்னைத் திரும்ப வைக்க முடிய வேண்டும். இந்த விதியில் தேறாத வடிவத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, கவுண்டரோடு ஒட்டிய உறைக்குள் ஹார்னை வைத்து, மேலே இழுத்தால் நீண்டு நிற்கும்படி, தொலையவே முடியாதபடி செய்வது. ஹார்ன் கவுண்டருக்கு வெளியே இருந்தால், அதன் வழியாக வழுக்கி வரும் குதிகால் ஷூவின் மேல் விளிம்பில் வந்து முட்டும். கவுண்டருக்கும் லைனிங்குக்கும் நடுவே வைத்தால், லைனிங்கின் மேல் ஓரம் குதிகாலில் மாட்டிச் சுருண்டு உள்ளே போகும். பத்து நாளில் லைனிங் கிழியும். நல்ல அச்சும் தண்டவாளம் போன்ற பக்கக் காடிகளும் இருந்தால் இதைத் தீர்க்கலாம், ஆனால் முதல் ஜோடிக்கு இது வேண்டாம்.

லேஸுக்கு அடியில் வரும் நாக்குக்குள் வைத்தால் விறைப்பான துண்டு பாதத்தின் மேல் நரம்புகளை அழுத்தும். ஷூவின் பின்புற வெளிப்பக்கத்தில் பை தைக்கலாம் என்றால், சாதாரண ஷூவில் அங்கே கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 60 மி.மீ.தான். கணுக்கால் பூட்ஸுக்கு மட்டும் இது நல்ல வழி, கடைசியில் சொல்கிறோம். ஹீலின் பக்கவாட்டில் வாய் வைத்தால் ஹீலின் அகலமே 65 மி.மீ. சொச்சம், ஹார்ன் குட்டையாகிவிடும்.

மிஞ்சுவது, சோலின் பின்பக்கத்தில் வாய் வைத்து முன்னோக்கி நீளும் அறை. நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் விரல் நேராக அங்கேதான் போகிறது. நீளம் கிடைக்கிறது. குதிகாலுக்குக் கீழே சோல் மடங்குவதும் இல்லை.

யாருக்கு இது உதவாது

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு, குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பவருக்கு 45 முதல் 60 செ.மீ. நீளக் கைப்பிடி உள்ள ஹார்ன் வேண்டும். அதை எந்த ஷூவுக்குள்ளும் வைக்க முடியாது. கையே பயன்படுத்த முடியாதவர்களுக்கு, கை வைக்காமல் மாட்டும் வகை ஷூக்கள் இப்போது சந்தையில் இருக்கின்றன, அவைதான் சரி. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இதைச் செய்து கொடுக்காதீர்கள். அறை நசுங்காமல் இருக்க நாம் வைக்கப்போகும் விறைப்பான கூடு குதிகாலுக்கு அடியில் இருப்பது அவர்களுக்கு ஆபத்து, புண் வந்தாலும் தெரியாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் செருப்புக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரைத் தேடிப் போனதே, உணர்ச்சியற்ற பாதத்தின் கீழ் கடினமான எதுவும் இருக்கக் கூடாது என்பதால்தான். தொழிற்சாலையில் போடும் பாதுகாப்பு ஷூவிலும் கை வைக்க வேண்டாம். சோலைக் குடைந்தால் அந்த ஷூ எந்தத் தரத்துக்காக வாங்கப்பட்டதோ அந்தத் தரம் போய்விடும்.

மற்றபடி குனிய முடிந்தவர், விரல் மூட்டு இறுகியவர், மாலையில் கால் வீங்குபவர், அடிக்கடி பயணம் போகிறவர் எல்லோருக்கும் இது நன்றாகப் பயன்படும்.

தேவையானவை (ஒரு ஜோடி, 8-ஆம் நம்பர்)

மேல்தோல் நல்ல நிலையில் உள்ள, பசையால் ஒட்டிய சோல் கொண்ட டெர்பி ஷூ ஒரு ஜோடி. லேஸ் மடல்கள் மூடித் தைத்த ஆக்ஸ்ஃபோர்டைவிட, மடல்கள் தனியாகத் திறக்கும் டெர்பி நல்லது. லேஸ் தளர்ந்ததும் வாய் அகலமாகத் திறக்கும். பழைய சோலைச் சூடுகாட்டிப் பிரித்துவிட்டு, அதன் இடத்தில் நம் அடுக்குச் சோலை ஒட்டப்போகிறோம். புது ஷூவையே தொடக்கத்திலிருந்து செய்பவர்கள், ஹீல் உயரம் 15 முதல் 20 மி.மீ. வரை உள்ள லாஸ்டை (பாத வடிவ ஷூ அச்சை) தேர்ந்தெடுத்தால் இதே அளவுகள் பொருந்தும்.

கழிவுநீருக்குப் போடும் 110 மி.மீ. பி.வி.சி. பைப், 130 மி.மீ. நீளத் துண்டு ஒன்று. சுவர் 2.2 மி.மீ. அளவில் இருக்கட்டும். ஒரே துண்டில் இரண்டு கூடும் இரண்டு ஹார்னும் வந்துவிடும். ஏன் 110? அந்த வளைவிலிருந்து 34 மி.மீ. அகலத் துண்டு வெட்டினால் நடுவில் 3 மி.மீ. குழிவு கிடைக்கிறது. குதிகால் வழுக்கிப் போக அது போதும். 63 மி.மீ. பைப்பில் குழிவு அதிகம், ஆனால் அறையின் உயரமும் ஏறி, சோல் மேடை போலாகிவிடும்.

ரப்பர் ஷீட் 5 மி.மீ., ஈ.வி.ஏ. ஷீட் 6 மி.மீ., இரண்டும் 320 × 240 மி.மீ. ஈ.வி.ஏ. 12 மி.மீ. கனத்தில் 200 × 170, 5 மி.மீ. கனத்தில் அதே அளவு. அடியில் போகும் 6-ம் 12-ம் சற்று கடினமாக, மேலே வரும் 5 மி.மீ. மட்டும் மெதுவாக இருக்க வேண்டும். சென்னையில் பெரியமேட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஷூ சாமான் கடைகளிலும் இவை துண்டாகவே கிடைக்கும்.

3 மி.மீ. பி.வி.சி. ஃபோம் போர்டு கையகலம். பைப் ஒட்டும் சொல்யூஷன் சின்ன டப்பா. ஷூ ஒட்டும் நியோபிரீன் பசை 250 மி.லி. 10 மி.மீ. அகல நைலான் நாடா அரை மீட்டர், டிச் பட்டன் இரண்டு செட், 0.8 மி.மீ. மைக்ரோஃபைபர் லைனிங் ஒரு துண்டு, உப்புத்தாள் 60, 120, 240, 400, 600. ஹாக்ஸா பிளேடு, அரம், கூர்மையான கத்தி, ஜி கிளாம்ப் நான்கு.

1. முதலில் வரைபடம்

ஷூவின் பக்கவாட்டுத் தோற்றத்தை 1:1 அளவில் காகிதத்தில் வரையுங்கள். தரையிலிருந்து: ரப்பர் 5, ஈ.வி.ஏ. 6, கூடு இருக்கும் அடுக்கு 12, மேல் மெத்தை 5. குதிகாலில் மொத்தம் 28 மி.மீ. முன்பாதத்தில் ரப்பரும் 6 மி.மீ. ஈ.வி.ஏ.யும் மட்டும், 11 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 17. பிரித்தெடுத்த பழைய சோலிலும் இதே வித்தியாசத்தை அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் மாறினால் 6 மி.மீ. அடுக்கைக் கூட்டாதீர்கள், அது முன்பாதத்தையும் சேர்த்து உயர்த்திவிடும். குதிகால் பக்கம் மேல் மெத்தையின் கனத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள். தப்பான உயரத்தில் ஒட்டினால் ஷூவின் மூக்கு வானத்தைப் பார்க்கும், அல்லது தரையில் குத்தும்.

இப்போது கூட்டை வரையுங்கள். பின்பக்கத்திலிருந்து 120 மி.மீ. நீளம். 8-ஆம் நம்பர் காலில் சுண்டுவிரல் மூட்டு குதிகால் நுனியிலிருந்து ஏறத்தாழ 165 மி.மீ.யில் வரும். கூட்டின் முன்முனைக்கும் அந்த மூட்டுக்கும் இடையே 40 மி.மீ. கட்டாயம் வேண்டும். நடக்கும்போது சோல் மடிவது அங்கேதான். கூடு அந்தக் கோட்டுக்குள் நுழைந்தால் ஒன்று கூடு உடையும், இல்லை சோல் அந்த இடத்தில் பிளக்கும். சின்ன நம்பர் ஷூவுக்குக் கூட்டின் நீளத்தைக் குறையுங்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

கூட்டின் முன்முனைக்கு மேலே குறைந்தது 4 மி.மீ. ஈ.வி.ஏ. இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். லாஸ்டின் சரிவு அந்த இடத்தைத் தின்றிருந்தால், கூட்டின் முன்பக்கம் 3 மி.மீ. தாழும்படி சாய்த்து வையுங்கள், கூட்டுக்குக் கீழே உள்ள 6 மி.மீ. அடுக்கை அந்த அளவு குடைந்து இடம் கொடுங்கள். சாய்வினால் இன்னொரு நன்மையும் உண்டு, ஹார்ன் தானாகவே உள்ளே இறங்கி நிற்கும்.

2. பைப்பை வெட்டுதல்

பைப்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, அதில் 45 மி.மீ. அகலத்தில் நான்கும், 35 மி.மீ. அகலத்தில் இரண்டும் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே வெட்டுக்காக 2 மி.மீ. விடுங்கள். வளைவின் மேல் 45 என்று குறித்தால், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் அளக்கையில் 44 வரும். அதுதான் நமக்கு வேண்டிய கூட்டின் வெளி அகலம். நீளவாக்கில் ஹாக்ஸாவால் அறுத்து, ஓரங்களை அரத்தால் நேராக்குங்கள். பி.வி.சி. தூள் மூச்சில் போகக் கூடாது. முகக்கவசம் போடுங்கள், தேய்ப்பதைத் தண்ணீர் தொட்டே செய்யுங்கள்.

3. ஹார்ன்

35 மி.மீ. துண்டை 110 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஷூவுக்குள் போகும் முனையை அரைவட்டமாகவும், கையில் பிடிக்கும் முனையை 26 மி.மீ.க்குக் குறுக்கியும் வடிவமைக்க வேண்டும். அரைவட்ட முனையின் கடைசி 25 மி.மீ.யைப் படிப்படியாக 1 மி.மீ. கனம் வரும்வரை தேயுங்கள், வெளிப்புறத்தில் மட்டும். குழிந்த உட்புறத்தில்தான் குதிகால் வழுக்குகிறது. பைப்பின் உட்சுவர் இயல்பாகவே பளபளப்பாக இருக்கும், அதைக் கெடுக்காதீர்கள். ஓரம் முழுக்க 240, 400, 600 என்று வரிசையாகத் தேய்த்து, பழைய நைலான் காலுறையை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் மாட்டினாலும் இன்னும் தேய்க்க வேண்டும்.

கைப்பிடி முனையில் 6 மி.மீ. துளை போட்டு நாடாவைக் கோர்ப்போம். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே 7 மி.மீ. விடுங்கள். நாடாவுக்காகச் சதுரத் துளை வெட்டுபவர்கள் உண்டு. சதுரத்தின் மூலையிலிருந்துதான் பி.வி.சி. விரிசல் விடும், அதனால் வட்டத் துளையே போடுங்கள். நாடாவின் நுனியை நெருப்பில் உருக்கிக் கூராக்கினால் உள்ளே போகும்.

பைப்பை அறுக்க மனமில்லாதவர்கள் ஷூ கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஹார்னை 110-க்குக் குறைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். கண்ணாடி போல விறைத்து நின்றால் அது குளிரிலும் அவசரத்திலும் ஒடியும் ரகம். தண்ணீரில் மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், வளையும், உடையாது, நல்லது. இரும்பு ஹார்ன் மெலிதாகக் கிடைக்கும். ஆனால் விமான நிலையத்தில் உலோகக் கருவி கத்தும், நடக்கும்போதும் கூட்டுக்குள் சத்தம் போடும்.

4. கூடு

குதிகாலில் உடல் எடை முழுக்க இறங்குகிறது. ஈ.வி.ஏ.யை வெறுமனே குடைந்து ஹார்னைச் செருகினால், நின்றபடி இழுக்கும்போது ஹார்ன் அசையாது. சில மாதத்தில் ஈ.வி.ஏ. அமுங்கியே நின்றுபோய், உட்கார்ந்து இழுத்தாலும் வராது. ஆகவே விறைப்பான கூடு வேண்டும். தட்டையான கூரை நடுவில் தொய்யும். நம் கூரையோ வில்வளைவு, எடையைப் பக்கங்களுக்குக் கடத்திவிடும். கூட்டையும் பைப்பிலேயே செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

45 மி.மீ. துண்டுகளை 120 நீளத்துக்கு வெட்டி, இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துப் பாருங்கள். நடுவே இரு ஓரங்களிலும் ஃபோம் போர்டிலிருந்து வெட்டிய 4 மி.மீ. அகல, 120 நீளப் பட்டைகளை வையுங்கள். முன்முனையை அடைக்க 5 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டு. உள்ளே 36 மி.மீ. அகலம், 3 மி.மீ. உயரம், 115 மி.மீ. ஆழம் கிடைக்கும். பைப் சொல்யூஷன் தடவி ஒட்டி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: இடைவெளி சரியாக வரட்டும் என்று ஹார்னையே உள்ளே வைத்துக்கொண்டு ஒட்டாதீர்கள். ஹார்னும் பி.வி.சி., வழியும் சொல்யூஷன் மூன்றையும் ஒரே கட்டியாக்கிவிடும். 3 மி.மீ. கனத்தில் அட்டைகளை அடுக்கி, பாலித்தீன் கவரில் சுற்றி, அதை வைத்து ஒட்டுங்கள். பாலித்தீனில் அந்தப் பசை பிடிக்காது.

காய்ந்ததும் முன்முனையின் இரு மூலைகளையும் 10 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். கூர்மூலை நாளடைவில் ஈ.வி.ஏ.யை வெட்டும். முன்முனைக்கு அருகே உள்பக்கச் சுவரில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், மழைத்தண்ணீர் வடிய. அடுக்குகளை ஒட்டிய பிறகு இதே துளையைச் சோலின் பக்கவாட்டு வரை நீட்டிவிடுங்கள். கூரையின் உட்புறத்தில், வாயிலிருந்து முதல் 30 மி.மீ.க்கு மட்டும் மைக்ரோஃபைபர் துண்டை ஒட்டுங்கள். ஹார்ன் 2.2 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. இந்த 0.8 மி.மீ. துணி மிச்ச இடத்தை நிரப்பி, ஹார்ன் ஆடாமலும் சத்தம் போடாமலும் பிடித்துக்கொள்ளும். முழு நீளத்துக்கும் ஒட்டினால் இழுக்கவே வராது. துணிக்குப் பதில் கம்பளி ஃபெல்ட் வேண்டாம், ஒருமுறை நனைந்தால் உப்பிக்கொள்ளும்.

இரண்டு ஷூவுக்கும் கூடு வையுங்கள். ஒரு ஹார்ன் போதுமே, ஒரு கூடு போதாதா என்று கேட்கலாம். ஒரு குதிகாலுக்குக் கீழே விறைப்பான கூடும் மற்றதற்குக் கீழே வெறும் ஈ.வி.ஏ.யும் இருந்தால், நிற்கும்போது இரண்டும் ஒரே அளவு அமுங்காது. முதல் நாள் தெரியாது, நாள்பட்டால் இடுப்பு சொல்லும்.

5. அடுக்குகள்

ஷூவின் அடிப்பாகத்தைக் காகிதத்தில் வரைந்து, சுற்றிலும் 5 மி.மீ. கூட்டி ரப்பரையும் 6 மி.மீ. ஈ.வி.ஏ.யையும் வெட்டுங்கள். 12-ம் 5-ம் பின்பக்கத்திலிருந்து 185 மி.மீ. வரை போதும். 12 மி.மீ. துண்டில், நடுக்கோட்டைப் பார்த்து, கூட்டின் வெளி அளவுக்கு 44 × 120 ஓட்டை வெட்டுங்கள். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து மூன்று நான்கு தடவையாக வெட்டினால் சுவர் நேராக வரும். ஒரே அழுத்தில் வெட்டினால் ஈ.வி.ஏ. நசுங்கி, கீழ்ப்பக்கம் குறுகிவிடும். பக்கத்துக்கு 10 மி.மீ.யாவது ஈ.வி.ஏ. மிஞ்ச வேண்டும்.

கூட்டின் வளைவு காரணமாக அதன் அடியில் சுமார் 4.5 மி.மீ. பள்ளம் இருக்கும். அதை ஈ.வி.ஏ. கழிவுத் துண்டுகளை வளைவுக்குத் தேய்த்து நிரப்புங்கள். கூரையின் இரு தோள்களுக்கு மேலேயும் அப்படியே. இதை விட்டுவிட்டால் கூடு இரண்டு ஓரங்களில் மட்டும் நிற்கும், நடுவில் எடை இறங்கும்போது டக்கென்று பிளக்கும். இந்த வடிவத்தில் கூடு உடைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த நிரப்பலைத்தான்.

6. ஒட்டுதல்

ஒட்டும் எல்லா முகங்களையும் 60 உப்புத்தாளால் தேயுங்கள். ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு பளபளப்பான படலம் இருக்கும். அது முழுவதும் மங்கும்வரை தேய்க்க வேண்டும், பாதி பளபளப்போடு ஒட்டிய சோல் ஓரத்திலிருந்து வாய் பிளக்கும். தூசியைத் துடைத்துவிட்டு, நியோபிரீனை இரு முகங்களிலும் மெல்லியதாகப் பூசி, 15 முதல் 20 நிமிடம் காயவிடுங்கள். விரல் நுனியால் தொட்டால் ஒட்டுவது போலிருந்து, நூல் இழுக்காமல் பிரிய வேண்டும். ஈ.வி.ஏ. முதல் பூச்சைக் குடித்துவிட்டால் இன்னொரு பூச்சு. மழைநாளில் பசையின் மேல் வெள்ளையாகப் பூத்தால், அது காற்றின் ஈரம். அப்படியே ஒட்டினால் நிற்காது. ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, வெள்ளை மறைந்ததும் ஒட்டுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

வரிசை: ரப்பர் மேல் 6 மி.மீ., அதன் மேல் 12 மி.மீ., ஓட்டைக்குள் கூடு, மேலே 5 மி.மீ. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டி ஒட்டுங்கள், காற்று சிக்கக் கூடாது. கூட்டை ஒட்டும்போது ஹார்னைப் பாலித்தீனில் சுற்றி உள்ளே வைத்திருங்கள். அழுத்தும்போது கூரை தாழாது, வாய்க்குள் பசையும் புகாது. சூடு எங்கே காட்டினாலும் கை வைத்துப் பொறுக்கும் அளவுதான். 80 டிகிரி பக்கம் போனாலே பி.வி.சி. குழைந்துவிடும்.

அடுக்கு முழுதும் ஒட்டியதும், 12-ம் 5-ம் முடியும் இடத்தை 120 மி.மீ.யிலிருந்து முன்னோக்கிச் சரிவாகத் தேய்த்து, 6 மி.மீ. அடுக்கோடு கரைத்துவிடுங்கள். ஷூவின் அடியை அடிக்கடி வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியும் இடத்தில் இடைவெளி இருக்கிறது. ஷூவின் அடியில், மடித்து ஒட்டிய தோல் ஓரங்களுக்கு நடுவே பள்ளம் இருக்கும். அதை 2 மி.மீ. ஈ.வி.ஏ. அல்லது கார்க்கால் சமன்செய்த பிறகு மேல்பாகத்தை ஒட்டுங்கள். எண்ணெய்ப்பசை உள்ள தோலாக இருந்தால் இந்த ஒரு இணைப்புக்கு மட்டும் பி.யு. (பாலியூரித்தேன்) பசை நல்லது. லாஸ்ட் இல்லாதவர்கள் ஷூவுக்குள் துணியை இறுக்கித் திணித்து, ரப்பர் டியூபால் சுற்றிக் கட்டி 24 மணி நேரம் விடுங்கள்.

7. வாயும் பூட்டும்

ஓரங்களைத் தேய்த்துச் சமன்செய்யும்போது கூட்டின் வாய் சோலின் பின்முகத்தோடு ஒரே தளத்தில் வரட்டும். ஹார்ன் அதற்கு 5 மி.மீ. உள்ளே நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாடிப்படியில் மாட்டும். வாயின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 13 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. குதிகால் தரையில் பதியும்போது அடிபடாமல் இருக்க, ரப்பரின் பின் ஓரத்தைச் சற்றுச் சாய்வாகத் தேயுங்கள்.

நடக்கும்போது ஷூ முன்னால் வீசப்படுகிறது. உள்ளே இருக்கும் ஹார்னுக்கு அது பின்னால் தள்ளுவது போல. மைக்ரோஃபைபரின் பிடி மட்டும் போதாது, பேருந்தைப் பிடிக்க ஓடினால் ஹார்ன் தெருவில் கிடக்கும். ஆகவே ஹார்னில் கோர்த்த நாடாவை மேலே கொண்டுவந்து, ஷூவின் பின்புறப் பட்டையில் டிச் பட்டனால் மாட்டுங்கள். பட்டனின் ஒரு பாதியைப் பட்டையில் பதிப்பதற்கு முன், அந்த இடத்தில் கவுண்டருக்கு மேலே 10 மி.மீ. இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பட்டனின் அடிப்பகுதி குதிகால் நரம்பில் உரசும். இடம் இல்லாத ஷூவில் பட்டனைத் தனித் தோல் துண்டில் பதித்து, அந்தத் துண்டை வெளியே தைத்துவிடுங்கள். பட்டன் மாட்டிய நிலையில் நாடா இறுக்கமாக, தொங்கல் இல்லாமல் இருக்க வேண்டும்.

8. சோதித்துப் பார்த்தல்

ஷூவைப் போட்டு ஒற்றைக் காலில் நின்று, இன்னொருவரை ஹார்னை இழுக்கச் சொல்லுங்கள். எளிதாக வர வேண்டும். வரவில்லை என்றால் கூரை தாழ்கிறது, தோள் நிரப்பல் சரியில்லை. பிறகு முன்பாதத்தைக் கையால் நூறு முறை மடக்குங்கள். கூட்டின் முன்முனைக்கு நேரே சோலின் பக்கத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால், கூடு நீளமாகிவிட்டது என்று பொருள். அடுத்து ஒரு வாளித் தண்ணீரில் வாய் மூழ்கும்வரை வைத்து எடுத்து, துளை வழியே வடிகிறதா என்று பாருங்கள். நாலைந்து மாடி ஏறி இறங்குங்கள், சத்தம் வரக் கூடாது. கிறீச்சென்று கேட்டால் ஹார்னின் இரு பக்கமும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் நின்றுவிடும். எண்ணெய் விடாதீர்கள், மண் ஒட்டும்.

விற்பதற்காகச் செய்பவர்களுக்குக் கைச்சோதனை போதாது. சோலை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான முறை மடக்கிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு ஷூ தரத்தில் அந்த எண்ணிக்கை 30,000. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

கணுக்கால் பூட்ஸ் என்றால்

சோலைத் தொடவே வேண்டாம். பூட்ஸின் வெளிப்பக்கத்தில், கணுக்கால் எலும்புக்குப் பின்னால், 42 × 135 மி.மீ. தோல் பையைச் செங்குத்தாகத் தையுங்கள். வாய் மேலே, அதற்கு ஒரு மூடி, டிச் பட்டன். ஹார்ன் 125 மி.மீ. மேல்பாகத்தைத் தைக்கும்போதே, லாஸ்ட் ஏற்றும் முன் இதைச் செய்துவிட வேண்டும், பிறகு மெஷின் உள்ளே போகாது. எலும்பின் மேலேயே பை வந்தால் நடக்க நடக்க வலிக்கும், அதனால் இடத்தைக் காலில் போட்டுப் பார்த்தே குறியுங்கள். உள்பக்கம் வைத்தால் இரண்டு கால்களும் உரசிப் பை தேயும்.

பயன்படுத்துபவருக்குச் சொல்ல வேண்டியது

லேஸை ஒரு பிடி தளர்த்தி, ஹார்னின் அரைவட்ட முனையை 45 மி.மீ. அளவு உள்ளே, கவுண்டரோடு ஒட்டினாற்போல நிறுத்தி, குதிகாலை அதன்மேல் வழுக்கவிட வேண்டும். நெம்பக் கூடாது, நெம்பினால் ஹார்னும் கவுண்டரும் சேர்ந்து போகும். குதிகால் இறங்கியதும் நேராக மேலே இழுத்து, குழிந்த பக்கம் கீழே பார்க்க அறைக்குள் தள்ளி, பட்டனைப் போட வேண்டும். தலைகீழாகத் தள்ளினால் வளைவு பொருந்தாமல் பாதியில் நிற்கும். அதனால் நாடாவின் மேல்பக்கத்தில் ஒரு வண்ணத் தையல் போட்டுக் கொடுங்கள், பார்த்ததும் பக்கம் தெரியும்.

மாதம் ஒருமுறை ஹார்னை உருவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அறையிலிருந்து மண்ணைத் தட்டி எடுக்க வேண்டும். ஹார்ன் என்றாவது தொலையும். வெட்டிய பைப்பில் இன்னும் இரண்டு ஹார்னுக்கு இடம் மிச்சமிருக்கும், அதே அளவில் இப்போதே வெட்டித் தேய்த்து ஷூவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.